மீனின் உடலும் மீன்களின் வகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் கடையிலும் பள்ளி ஆய்வகத்திலும் அடுக்களையிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால். மீன் பெயர் கரைக்குக் கரை மாறும் என்பதால், தேவைப்பட்ட இடத்தில் இரண்டு பெயரும் கொடுத்திருக்கிறோம்.

1. இறால், கணவாய், திமிங்கிலம் எல்லாம் மீன் கடையில்தானே வருது, பாடத்திலும் கடல் பிராணின்னு வருது. அதெல்லாம் மீன் இல்லையா?

இல்லை. மீன் என்றால் மூன்றைப் பாருங்கள்: தலைக்குள் மண்டையோடும் முதுகில் முதுகுத் தண்டும், சாகும்வரை மூச்சுவிடச் செவுள், நீந்தத் துடுப்பு. இறாலும் நண்டும் உடலுக்கு வெளியே கடின ஓடு, கணுக்கணுவான கால் இரண்டும் உள்ள கணுக்காலிகள். கணவாய் மெல்லுடலி, நத்தை, சிப்பிக்குச் சொந்தம். கணவாய்க்கு உள்ளே கிடைக்கும் வெள்ளை ஓடு முதுகெலும்பு அல்ல, உடலுக்குள் போய்விட்ட சிப்பி. நட்சத்திர மீனுக்கும் ஜெல்லி மீனுக்கும் எலும்பு என்ற பேச்சே இல்லை.

திமிங்கிலமும் ஓங்கிலும் பாலூட்டிகள். வாலைப் பார்த்தாலே தெரியும்: மீனின் வால் செங்குத்தாக நின்று இடம் வலமாக அசையும், ஓங்கிலின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும். 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் தன் வகைப்பாட்டில் திமிங்கிலங்களை மீன்களிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். பார்க்க மீன் போலவே இல்லாத கடல்குதிரை, செவுளும் துடுப்பும் முதுகெலும்பும் உள்ள அசல் மீன்.

2. மீனுக்கு மொத்தம் எத்தனை துடுப்பு? ஒவ்வொன்றும் எதுக்கு?

வழக்கமான எலும்பு மீனில் ஐந்து வகை. இரட்டையாக வருபவை இரண்டு: செவுள் மூடிக்குப் பின்னால் மார்புத் துடுப்பு, வயிற்றுப் பக்கம் இடுப்புத் துடுப்பு. ஒற்றையாக வருபவை மூன்று: முதுகுத் துடுப்பு, மலத்துளைக்குப் பின்னால் குதத் துடுப்பு, வால் துடுப்பு. முன்னால் தள்ளுவது பெரும்பாலும் வாலும் உடலின் வளைவும்தான். முதுகும் குதமும் உடல் உருண்டுவிடாமல் நிறுத்தும். மார்பும் இடுப்பும் திரும்ப, நிற்க, ஏற, இறங்க.

மார்பு, இடுப்புத் துடுப்புகள்தான் நமக்குக் கையும் காலுமாக வந்த உறுப்புகள். 19-ம் கேள்விக்கு இது தேவைப்படும்.

இந்த ஐந்துக்கு வெளியே இரண்டு உண்டு. கடல் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பின் பின்னால், கதிர் எதுவும் இல்லாத சதைத் துண்டு ஒன்று இருக்கும். அது கொழுப்புத் துடுப்பு. அயிலை, சூரை, வஞ்சிரம் மீன்களுக்கு வாலுக்கு முன் மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள் நிற்கும். அயிலைக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து.

3. துடுப்பில் சிலது குத்துது, சிலது வளையுது. ரெக்கார்டு நோட்டில் ரோமன் எண், சாதா எண்ணுன்னு எழுதச் சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

குத்துவது முள். அது ஒரே துண்டு, கிளைக்காது. வளைவது கதிர்; கணுக்கணுவாக இருக்கும், நுனியில் பெரும்பாலும் கிளைக்கும். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதா எண்ணிலும் எழுதுவது மரபு. கொடுவாயின் முதுகில் 7 முதல் 9 முள், 10 அல்லது 11 கதிர். குதத் துடுப்பில் 3 முள், 7 அல்லது 8 கதிர். நிறம் வெளிறிப்போன மீனிலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் வகை சொல்ல நிறத்தைவிட இதை நம்புகிறார்கள்.

எண்ணும்போது வரும் தவறு ஒன்றுதான்: கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டாகத் தெரியும். அடி ஒன்றாக இருந்தால் ஒன்று என்றே எண்ணுங்கள். துடுப்பை விரித்து அட்டையில் குண்டூசியால் குத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் எண்ணுவது எளிது.

4. செதில் ஒன்று வழவழன்னு வருது, ஒன்று சொரசொரன்னு இருக்கு. சுறாவுக்குச் செதிலே இல்லையா?

ரோகு, கட்லா, மத்தியின் செதில் விளிம்பு வழவழப்பான வட்டச் செதில். கொடுவா, களவா போன்றவற்றின் செதிலுக்குப் பின்விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. வாலிலிருந்து தலைப்பக்கம் விரலை ஓட்டினால் உரசும். இரண்டும் ஓடு போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. கத்தியை வாலிலிருந்து தலைக்கு ஓட்டினால்தான் செதில் கிளம்பும் என்பதற்கும் இதுவே காரணம்.

சுறாவுக்குச் செதில் உண்டு. ஒவ்வொன்றும் பல்லின் அமைப்பிலேயே செய்யப்பட்டது: உள்ளே கூழ், மேலே பல்திசு, அதற்கு மேல் எனாமல் போன்ற பூச்சு. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். இந்தச் செதில் சுரண்டினால் வராது. கொதிநீர் ஊற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கெளுத்திக்கோ நிஜமாகவே செதில் கிடையாது.

5. செவுள் எப்படி வேலை செய்யுது? காற்றில் தண்ணீரைவிட ஆக்சிஜன் அதிகம்தானே, அப்புறம் ஏன் வெளியே எடுத்தால் மீன் சாகுது?

எலும்பு மீனில் மூடிக்கு அடியில் பக்கத்துக்கு நான்கு செவுள் வளைவுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு இழைகள் இரண்டு வரிசை, அவற்றின்மேல் மிக மெல்லிய தகடுகள். வாயால் வாங்கிய தண்ணீர் இந்தத் தகடுகளுக்கு இடையே ஒரு திசையில் போகும். தகட்டுக்குள் ரத்தம் எதிர்த் திசையில் வரும். எதிரெதிராக ஓடுவதால் கடைசிவரை தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவும் ரத்தத்தில் குறைவாகவும் இருக்கும். உறிஞ்சுவது நடுவில் நிற்காது.

வெளியே எடுத்ததும் தகடுகளைத் தாங்கி நிறுத்தத் தண்ணீர் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பு சுருங்கிவிடுவதால் சுற்றி எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் பயனில்லை. விரால் இதற்கு விலக்கு. செவுளுக்கு மேல் காற்றை வைத்துக்கொள்ளும் அறை அதற்கு உண்டு. ஈரம் இருந்தால் வெகுநேரம் தாங்கும். மாறாக, மேலே வந்து காற்று வாங்கவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அடைத்துவைத்தால் விரால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, வலையை மேல்மட்டத்துக்குக் கீழே இறுக்கிக் கட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

6. உடம்பில் நடுவே ஒரு கோடு போகுதே, அது நிறமா உறுப்பா?

உறுப்பு. பக்கக்கோட்டின் செதில் ஒவ்வொன்றிலும் ஒரு துளை. உள்ளே ஒரு குழாய். அதில் தண்ணீரின் அசைவை உணரும் செல்கள். இருட்டிலும் கலங்கல் நீரிலும் பக்கத்தில் என்ன நகர்கிறது என்பது இதன் வழியாகத் தெரியும். கூட்டமாக நீந்தும் மீன்கள் மோதிக்கொள்ளாததில் கண்ணுக்கும் இதற்கும் பங்குண்டு. துளைச் செதில்களின் எண்ணிக்கையும் கோடு எங்கே வளைகிறது என்பதும் வகை பிரிக்க உதவும். 16-ல் ஓர் உதாரணம் இருக்கிறது.

7. கத்தாளை மீன் தலையில் வெள்ளைக் கல் இருக்கு. நோயா?

நோய் இல்லை. அது காதுக்கல். மீனுக்கு வெளிக்காது கிடையாது. உள்காதில் சுண்ணாம்பாலான கற்கள் மூன்று ஜோடி உண்டு. சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவுபவை. எல்லா எலும்பு மீனுக்கும் இருந்தாலும் கத்தாளைக் குடும்பத்தில் மிகப் பெரிதாக இருப்பதால் கண்ணில் படுகிறது. கல் அடுக்கடுக்காக வளர்வதால், குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணி வயது கணிப்பார்கள். செதிலிலும் வளையம் உண்டு; ஆனால் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லாத நம் கடலில் வளர்ச்சி அவ்வளவாக நின்று போவதில்லை, ஆண்டு வளையம் தெளிவாக விழாது.

8. வயிற்றுக்குள்ளே பலூன் மாதிரி ஒன்று இருக்கே, அது நுரையீரலா?

காற்றுப்பை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் நெட்டி என்பார்கள். பெரிய கூறல் மீனுக்கு விலை ஏறுவது இதனால்தான். காற்றின் அளவைக் கூட்டிக் குறைத்து, நீந்தாமலே ஓர் ஆழத்தில் நிற்க மீனுக்கு இது வழி. கெண்டை வகைகளில் பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு குழாய் உண்டு. காற்றை விழுங்கவும் விடவும் முடியும். கொடுவா, களவா வகைகளில் குழாய் இல்லை, ரத்தத்தின் வழியாகத்தான் நிரப்ப வேண்டும். அதனால்தான் ஆழத்திலிருந்து சட்டென்று தூக்கிய களவாவுக்குப் பை ஊதி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கிறது. கத்தாளை இதே பையைத் தசையால் அதிர வைத்து உறுமும்.

எல்லா மீனுக்கும் இது இல்லை. வஞ்சிரத்துக்கு இல்லை, வளர்ந்த நாக்குமீனுக்கும் இல்லை. சுறாவுக்கும் கிடையாது, அதற்குப் பதில் எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் கொஞ்சம் மிதப்பு கொடுக்கும்.

9. ஒரு மீனை வீட்டிலேயே அறுத்து எல்லா உறுப்பையும் பார்க்கணும். எந்த மீன், எப்படி?

கிலோவுக்கு நான்கைந்து நிற்கும் அயிலை, அதாவது கானாங்கெளுத்தி. வயிறு கீறாதது, அன்று பிடித்து ஐஸில் வைத்தது வேண்டும். ஃப்ரீசரில் உறைந்தது வேண்டாம். உருகும்போது ஈரலும் குடலும் கூழாகிவிடும். வயிறு தொளதொளத்துப்போன மீனையும் விடுங்கள், அதன் செரிமான நொதிகளே உள்ளுறுப்பைக் கரைக்கத் தொடங்கியிருக்கும். தேவை: ஒரு நுனி மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி, தட்டு, தண்ணீர்.

முதலில் வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். நீளமான இறகுகள் போல் தெரிவது செவுள்சீப்பு. அயிலை மிதவை உயிர்களை வடிகட்டித் தின்பதால் அவை அவ்வளவு நீளம். மீனையே விழுங்கும் வஞ்சிரத்தில் அவை சில குட்டை முளைகளாக நின்றுவிடும். மீன் என்ன தின்கிறது என்று தெரிய வயிற்றைக் கிழிப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம். பிறகு செவுள் மூடியை வெட்டி எடுத்து, நான்கு வளைவுகளையும் எண்ணுங்கள்.

அடுத்து, தலை இடப்பக்கம் இருக்கும்படி மீனைக் கிடத்தி, மலத்துளையில் கத்தரியின் மழுங்கிய நுனியை விட்டு, நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி தொண்டைவரை வெட்டுங்கள். ஆழமாக விட்டால் குடல் கிழிந்து எல்லாம் குழம்பும். பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான். இரண்டாவது வெட்டு மலத்துளையிலிருந்து மேலேறி, முதுகெலும்புக்குக் கீழாகச் செவுள்வரை. பக்கச் சுவரைக் கழற்றிவிடுங்கள். செவுளுக்குப் பின்னால் தொண்டையடியில், தனி அறையில் கருஞ்சிவப்பாக இருப்பது இதயம். அதில் மேலறை ஒன்று, கீழறை ஒன்று. ரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்கும், அங்கிருந்து நேராக உடலுக்கும் போய்த் திரும்பும். அதன் பின்னால் ஈரல், ஈரலை ஒட்டிப் பச்சைப் பித்தப்பை, இரைப்பை. இரைப்பை முடியும் இடத்தில் கொத்தாக விரல் போன்ற குழல்கள், பிறகு குடல். மஞ்சளாகவோ சிவப்பாகவோ மணிமணியாக இருந்தால் சினை. வெளேரென்று வழவழப்பாக இருந்தால் ஆண் சுரப்பி. எல்லாவற்றையும் ஒதுக்கினால் முதுகெலும்பின் அடியில் ஒட்டிய கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். உறைந்த ரத்தம் என்று சுரண்டி எறிகிறோமே, அது சிறுநீரகம்.

ரோகுவை அறுத்தால் இதே வரிசையை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு இரைப்பை கிடையாது. தாடையில் பல்லும் கிடையாது, தொண்டையில்தான் பல். குடல் மட்டும் உடலைப்போலப் பல மடங்கு நீளம்.

10. பித்தப்பை உடைஞ்சிடுச்சு. மீனைத் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். பச்சை பட்ட இடத்தை உடனே வெட்டி எடுத்து, உப்பு தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தாமதித்தால் கசப்பு சதைக்குள் இறங்கும். ஆனால் மருந்து என்று ரோகு போன்ற கெண்டை மீன்களின் பித்தத்தைப் பச்சையாகவோ வேகவைத்தோ விழுங்கக் கூடாது. அதிலுள்ள நஞ்சு சூட்டில் அழியாது. வாந்தி பேதியில் ஆரம்பித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

11. சுறாவில் மட்டும் ஏன் மூத்திர வாடை? கெட்டுப்போனதா?

வாடை லேசாக இருந்தால் கெட்டது என்று சொல்ல முடியாது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறாவும் திருக்கையும் ரத்தத்தில் சுமார் 2 சதவீதம் யூரியாவை வைத்துக்கொள்கின்றன. மற்ற கடல் மீன்கள் இதற்குக் கடல்நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளும். செத்தபின் பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். அதுதான் அந்த வாடை. பிடித்தவுடன் ரத்தம் வடியவிட்டு ஐஸில் வைத்த சுறாவில் மிகக் குறைவு. கண்ணில் எரிச்சல் வரும் அளவுக்கு அடித்தால் வாங்காதீர்கள்.

12. சுறாவும் திருக்கையும் ஒன்றா? உழுவை எதில் சேரும்?

இரண்டும் குருத்தெலும்பு மீன்கள். பிரிக்க வாலையோ தட்டையையோ பார்க்காதீர்கள், செவுள் பிளவைப் பாருங்கள். தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. பெரும்பாலும் ஐந்து, சிலவற்றில் ஆறேழு. அடிப்பக்கம் இருந்தால் திருக்கைக் கூட்டம். உழுவைக்கும் ரம்பமூக்கு வேளாவுக்கும் உடல் சுறா போல நீண்டிருந்தாலும் பிளவுகள் அடியில் இருப்பதால் அவை திருக்கைக்குச் சொந்தம். மணலில் படுத்துக் கிடக்கும்போது வாய் புதைந்திருக்குமே என்றால், கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியே தண்ணீர் வாங்கும்.

வேளாவும் திமிங்கிலச் சுறாவும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வலையில் சிக்கினால் விட்டுவிட வேண்டும். திருக்கை வால்முள் குத்தினால், காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், அரைமணி முதல் ஒன்றரை மணிவரை வைத்திருந்தால் வலி குறையும். முள் உடைந்து உள்ளே தங்கலாம். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். கெளுத்தி, தேளி முள்ளுக்கும் இதே முறை.

13. கெண்டையில் மட்டும் ஏன் இவ்வளவு முள்? வஞ்சிரத்தில் நடுமுள் தவிர ஒன்றும் இல்லையே?

கெண்டை, உல்லம், பால்கெண்டை போன்றவற்றில் விலா எலும்புக்கு வெளியே, சதை அடுக்குகளுக்கு நடுவே உள்ள தசைநார் தாளில் தனியாக எலும்புகள் உருவாகின்றன. பல இரண்டாகக் கிளைத்திருக்கும், முதுகெலும்போடு ஒட்டாதவை. நடுமுள்ளை உருவினாலும் இவை சதையிலேயே தங்கும். வஞ்சிரம், கொடுவா போன்ற பின்னால் தோன்றிய கூட்டங்களில் இந்தத் தனிமுள்கள் இல்லை. கெண்டையைப் பொரிப்பதற்கு முன் தோலோடு 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே கீறிவிட்டால் முள் துண்டாகி எண்ணெயில் மொறுமொறுத்துவிடும்.

14. மீன்களை மொத்தம் எத்தனை பெரிய பிரிவா பிரிக்கிறாங்க?

இன்று அறியப்பட்ட வகைகள் 35 ஆயிரத்துக்கும் மேல். தாடை இல்லாதவை சிறு கூட்டம். லாம்ப்ரேயும் ஹேக்மீனும் மட்டும். குருத்தெலும்பு மீன்கள் 1,200-க்கு மேல். மீதி கிட்டத்தட்ட எல்லாமே துடுப்பில் கதிர் உள்ள எலும்பு மீன்கள். நான்காவது, சதைத்துடுப்பு மீன்கள்: நுரையீரல் மீன் ஆறு வகை, சீலக்கந்த் இரண்டு வகை, அவ்வளவுதான். சீலக்கந்த் அழிந்துபோன புதைபடிவம் என்றே நினைத்திருந்தார்கள். 1938-ல் தென்னாப்பிரிக்கக் கரையில் உயிரோடு வலையில் வந்தது.

15. வெள்ளை வவ்வால், கருப்பு வவ்வால் ஒரே மீன்தான், நிறம்தான் வேற. சரியா?

சரியில்லை. வெள்ளை வவ்வாலுக்குத் தனிக் குடும்பம். கருப்பு வவ்வால் பாறை மீன் குடும்பம். வால் தொடங்கும் இடத்தில் பக்கக்கோட்டின்மேல் தடித்த கூர்ச்செதில்கள் கருப்பில் விரலுக்குத் தட்டும், வெள்ளையில் தட்டாது. வெள்ளையின் செவுள் திறப்பு சிறு கீறல், கருப்பில் அகலம். வளர்ந்த மீனில் இரண்டுக்குமே இடுப்புத் துடுப்பு இருக்காது, அதை வைத்துப் பிரிக்க முடியாது. கடைப் பெயர் உருவத்தைப் பார்த்து வைத்தது. கானாங்கெளுத்தி கெளுத்தி இல்லை, கடல் விராலும் விரால் இல்லை.

16. வஞ்சிரம்னு சொல்லி சீலாவைக் கொடுக்கிறாங்களாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முழு மீனாக இருந்தால் சந்தேகமே வராது. வஞ்சிரத்துக்கு வாலுக்கு முன் எட்டு முதல் பத்துச் சின்னத் துடுப்புகள். சீலாவுக்கு அவை இல்லை, இரண்டு முதுகுத் துடுப்புகளும் நடுவில் வெகுதூரம் விட்டு நிற்கும். வஞ்சிரத்தின் பக்கக்கோடு இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் சட்டென்று கீழே சரியும். சீலாவில் ஏறக்குறைய நேராக ஓடும். சீலாவின் கீழ்த்தாடை முன்னே நீண்டு, பற்கள் கோரையாக இருக்கும்.

துண்டு போட்டபின் தோலில் செதில் பதிந்த கட்டம் தெரிந்தால் அது வஞ்சிரம் இல்லை. தோலையும் உரித்திருந்தால் கண்ணால் சொல்வது கடினம். கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்வதே வழி.

17. வெளியே பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ல முடியுமா?

சுறா, திருக்கையில் முடியும்: ஆணின் இடுப்புத் துடுப்பை ஒட்டி இரண்டு கோல் போன்ற உறுப்புகள் நீட்டியிருக்கும். அயிலை, மத்தியில் வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். கொடுவாவில் இன்னொரு சிக்கல். அது முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். களவா நேர்மாறு. அதனால்தான் பெரிய களவாக்களையே குறிவைத்துப் பிடித்தால் ஆண்கள் குறைந்துபோகின்றன.

18. விலாங்கு பாம்பு இனமா?

மீன். செவுள் திறப்பும் மார்புத் துடுப்பும் உண்டு. முதுகு, வால், குதத் துடுப்புகள் ஒன்றாக இணைந்து ஒரே விளிம்பாக ஓடும். இடுப்புத் துடுப்பு இல்லை. செதில் தோலுக்குள் புதைந்திருப்பதால் வெறும் வழுக்கல்தான் கையில் படும். கடல்பாம்புக்குச் செவுள் இல்லை, துடுப்பு இல்லை, உடல் முழுக்கச் செதில் தெரியும், வால் துடுப்புக்கட்டை போல் தட்டை. வலையில் வந்தது எது என்று குழப்பமாக இருந்தால் கையால் தொடாதீர்கள். கடல்பாம்புகளில் பெரும்பாலானவை கடும் விஷம் உள்ளவை.

19. நுரையீரல் மீன் ரோகுவைவிட மாட்டுக்குத்தான் நெருங்கின சொந்தம்னு படிச்சேன். அப்படின்னா மீன் என்கிற வகுப்பே தப்பா?

படித்தது சரி. 14-ல் சொன்ன சதைத்துடுப்பு மீன்களின் மூதாதைகளிலிருந்துதான் நாலுகால் விலங்குகள் வந்தன. அவற்றின் மார்பு, இடுப்புத் துடுப்புகளுக்குள் ஒற்றை எலும்பில் தொடங்கும் வரிசை இருக்கிறது, நம் மேற்கையைப் போல. ரோகுவின் முன்னோர் அதற்கு முன்பே பிரிந்துவிட்டனர். ஆகவே எல்லா மீனையும் ஒரே கிளையாக வெட்டினால் அதில் மாடும் மனிதனும் சேர்ந்தே வருவார்கள்.

அதனால் இன்றைய வகைப்பாட்டில் மீன் என்பது ஒரு கிளையின் பெயர் இல்லை. செவுளும் துடுப்புமாக நீரில் வாழும் முதுகெலும்பிகளுக்கான வழக்குப் பெயர். தேர்வில் 14-ல் உள்ள பிரிவுகளை எழுதினால் போதும்.

20. கட்லாவுக்கு நாங்க படிச்சது கட்லா கட்லா. இப்போ லேபியோ கட்லான்னு போடுறாங்க. எது சரி?

இரண்டும் ஒரே மீன். அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம். கட்லா தனிப் பேரினமாக நிற்கத் தேவையில்லை, ரோகு இருக்கும் லேபியோவிலேயே சேரும் என்று ஆய்வாளர்கள் கருதியதால் முதல் சொல் மாறியது. இரண்டாம் சொல் அப்படியே நின்றது. பழைய நூல்களில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். பண்ணைக்காரருக்கு இந்த மாற்றத்தால் எதுவும் இல்லை: மேல்நோக்கிய வாயுள்ள கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், கீழ்நோக்கிய வாயுள்ள மிர்கால் அடியிலும்தான் இப்போதும் மேய்கின்றன.